குளிர் குறைந்த தண்ணீர்

பெரியநாயக்கன்பாளையம்
10.11.2024

அன்புள்ள லோகுவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பதை ரசாக் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். கேரட் ஏற்ற லாரியோடு மலைக்கு வந்துபோகிறவனுக்குத் தெரிகிற அளவுகூட உன்னைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. உன் மீன் பண்ணையில் சிக்னல் கிடைப்பதில்லை. நீ ஊட்டி டவுனுக்கு வந்து கூப்பிட்டாலும், சாப்பிட்டாயா என்று கேட்டதோடு நமக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது, ஓடைத் தண்ணீர் முட்டைத் தட்டுகளுக்குப் போதவில்லை என்று நீ புலம்பியதாக ரசாக் சொன்னான். மோட்டார் பட்டறைக்காரன் பெண்டாட்டிக்குத் தண்ணீர்க் கஷ்டமா? சின்ன சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றை அவன் வண்டியில் அனுப்பியிருக்கிறேன். வைண்டிங் நானே சுற்றியது. தட்டுகளிலிருந்து வழிகிற தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து, மோட்டாரை அதற்குள் இறக்கிவிடு. அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி வரும்.

உன் ஒப்பந்தம் தையோடு முடிகிறதே, அம்மா தினமும் அதைத்தான் கேட்கிறார்கள். "அம்மணி தைக்கு வந்துருமில்லடா? அடுத்த தைக்குள்ள ஊட்ல தொட்டில் ஆடோணும்" என்கிறார்கள். லோகுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
சுரேந்தர்

மீன் பண்ணை, ஊட்டி மேல்மலை
1.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மோட்டார் வந்தது. நீங்கள் சொன்னபடியே பொருத்திவிட்டோம். தட்டு நிறையத் தண்ணீர் ஓடுகிறது. எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "கோயமுத்தூரு சரக்குன்னா சும்மாவா" என்றார். உங்களிடம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

என்ன வேலை என்று நீங்கள் கேட்டதில்லை, நானாகவே சொல்கிறேன். இது டிரவுட் என்கிற குளிர்நாட்டு மீன். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும், விட்டால் பூசணம் பக்கத்து முட்டைக்கும் பரவும். காலையில் குனிந்தால் நிமிர மதியமாகிவிடுகிறது. முதுகு விட்டுப்போகிறது. ஆனாலும் இப்போதெல்லாம் தண்ணீரில் கைவிட்டால் முன்போல விரல் விறைப்பதில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.

தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நிதானமாகக் குஞ்சு முட்டைக்குள் வளரும். நிதானமாக வளர்ந்ததுதான் பெரிதாக, தெம்பாக வெளியே வரும். நம் ஊர்த் தண்ணீரில் இவற்றால் ஒரு நாள்கூடப் பிழைக்க முடியாது.

இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா என்று அதிகாரி கேட்டார். தை முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். அத்தைக்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்டால்? எந்தக் கேள்வியானாலும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறது. எனக்கு அலுத்துவிட்டது மாமா.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

லோகப்பிரியா

பெரியநாயக்கன்பாளையம்
15.12.2024

அன்புள்ள லோகு,

குஞ்சுகள் குறித்த நாளுக்கு முன்பே பொரித்துவிட்டதாக ரசாக் சொன்னான். பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பார்த்தாயா, நம் மோட்டார் போட்ட முகூர்த்தம். மீனுக்கே சீக்கிரம் வர வேண்டும் என்று தோன்றிவிட்டது, உனக்குத்தான் தோன்றவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை. இருட்டும்வரை பட்டறையிலேயே கிடக்கிறேன். அம்மா சமைத்து வைத்துவிட்டு உன் பேச்சை எடுப்பார்கள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. அலுப்பு உனக்கு மட்டும்தானா?

இரண்டு வருடமெல்லாம் வேண்டாம். குஞ்சுதான் பொரித்துவிட்டதே. தை பிறந்ததும் ரசாக் வண்டியிலேயே ஏறி வந்துவிடு. வந்தபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். டாக்டரம்மாவிடம் அம்மா பேசி வைத்திருக்கிறார்கள்.

சுரேந்தர்

மீன் பண்ணை
5.1.2025

மாமாவுக்கு,

குஞ்சுகள் செத்துவிட்டன. ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, அதுவும் நிற்குமா தெரியவில்லை.

பொரித்து வந்த குஞ்சின் வயிற்றில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. அது தீருவதற்குள் உடம்பு வளர்ந்து, வாய் பழகி, இரை எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இவை அவசரமாக வந்துவிட்டன. பாதி வளர்த்தியில்தான் வந்தன, பையும் சீக்கிரம் தீர்ந்துபோனது. இரை தூவினால் பக்கத்தில் விழுந்ததைக்கூடப் பிடிக்கத் தெரியாமல் தட்டின் மூலையில் ஒதுங்கிக் கிடந்தன.

மோட்டார் ஓட ஓடத் தண்ணீர் சூடாகியிருக்கிறது. தப்பு என்னுடையதும்தான். வழக்கம்போலத் தெர்மாமீட்டரை ஓடை வாயில்தான் வைத்துப் பார்த்தேன். அங்கே தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது. தட்டுக்குள் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கைக்கு இதமாக இருந்தது, அதனால் சந்தேகமும் வரவில்லை.

நம் பாப்பாவும் ஏழாம் மாதத்திலேயே வந்தாள், தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பிய மறுமாதமே அடுத்தது எப்போது என்று ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, பிரியத்தோடுதான் கேட்டார்கள். அந்தப் பிரியத்தை என்னால் தாங்க முடியவில்லை. உங்கள்மேல் கோபப்பட்டு நான் மலையேறவில்லை. இங்கே யாரும் என்னைச் சீக்கிரம், சீக்கிரம் என்பதில்லை, அதனால் வந்தேன்.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். மோட்டாரைக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறேன்.

லோகப்பிரியா

பெரியநாயக்கன்பாளையம்
16.1.2025

அன்புள்ள லோகு,

பொங்கல் முடிந்தது. பட்டறை இன்னும் திறக்கவில்லை. உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மோட்டார் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "முழுசாத் தண்ணிக்குள்ள இருக்கோணுங்க, தண்ணிதான் மோட்டாரக் குளிர வைக்கும்" என்று வாய் ஓயாமல் சொல்லுகிறவன் நான். மோட்டார் சூடு ஆறியதா என்று மட்டும்தான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் என்ன ஆகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இதை எழுதும்போது எனக்கு ஞாபகம் வருவது மீன் மட்டுமில்லை.

பொங்கலன்று அம்மா மறுபடியும் ஆரம்பித்தார்கள். "அம்மணி என்னடா சொல்லுச்சு?" என்றார்கள். இந்த முறை உன் பெயரைச் சொல்லவில்லை. "அவளக் கேக்காதீங்கம்மா. எனக்கே இப்ப வேண்டாமுங்க. இனி கேக்கோணும்னா என்னையக் கேளுங்க" என்றேன். அம்மா கரும்பை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. டாக்டரம்மாவுக்கும் நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ கையெழுத்துப் போடு. தைக்கு வா என்று இனி எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பாப்பாவைத் துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். அவ்வளவு லேசாக இருந்தாள். காரில் போகும்போது, மடியில் இருக்கிறாளா என்று இரண்டு தரம் குனிந்து பார்த்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

சுரேந்தர்

மீன் பண்ணை
10.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு இல்லை, ஒரு வருடத்துக்கு. அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

ஓடைத் தண்ணீர் எத்தனை தட்டுக்குப் போதுமோ அத்தனை தட்டில் மட்டும் புது முட்டை வைத்திருக்கிறோம். விரல் பழையபடி விறைக்கிறது. முட்டைக்குள் கருப்பாகக் கண் தெரிய ஆரம்பித்திருக்கிறது. மாசி பாதிக்குமேல் பொரிக்கும், இரை எடுக்கப் பங்குனி ஆகிவிடும். இதில் எத்தனை நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அத்தையிடம் நானே போன் செய்து பேசினேன். "உம்பட ஊட்டுக்காரனுக்கு வாய் வந்துருச்சு கண்ணு" என்றார்கள். சிரித்தார்களா அழுதார்களா தெரியவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். உங்களுக்குச் சும்மா வரத் தெரியாது, வண்டி நிறைய எதையாவது ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவீர்கள். இந்த முறை வெறுங்கையோடு வாருங்கள் மாமா.

பாப்பாவை என் கையில் யாரும் கொடுக்கவில்லை. எவ்வளவு லேசாக இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து, அவசரப்படாமல், சொல்லுங்கள்.

உங்கள்
லோகு