சலவைத்தொட்டியில் நம் எழுத்து

என் கோபக்காரிக்கு,

மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஊர்ச் சலவைத்தொட்டிக் கல்லில், கல்யாணத்துக்கு முன், உன் அப்பாவின் உளியைத் திருடி நம் முதலெழுத்துகளைப் பின்னிச் செதுக்கினேனே! நீ கோபித்துக்கொண்டு லியோன் நகரத்துக்குக் கிளம்பிப்போன அந்த வருடம், அதை முந்நூறு வருடப் பழைய கொத்தனார் முத்திரை என்று ஊர் வரலாற்றில் எழுதிவைத்த கோமாளியும் நானே.

ஞாயிறன்று அதற்கு நினைவுப்பலகை திறப்பு விழா. நேற்று ரொட்டிக்கடையில் மேயர் காஸ்தோன், "என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? நீதானே பேசணும்!" என்றார்.

ரொட்டிக்காரி மதில்து விடுவாளா? "பொண்டாட்டி போனப்பகூட இப்படி நடுங்கலையே!"

நடுங்கினேன். அவளுக்குத் தெரியாது.

உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் நம் எழுத்துகள் எவனோ கொத்தனாருக்குப் போய்விடும். நீ வந்து முன்வரிசையில் நின்றால் சொல்லிவிடுகிறேன். வராவிட்டால் முந்நூறு வருடமாகவே இருக்கட்டும். நீ போய் அவ்வளவு காலம் ஆனதாகத்தான் எனக்கும் தோன்றுகிறது.

இப்படிக்கு,
உளியை இன்னும் திருப்பித் தராதவன்