வீட்டுக்கெல்லாம் கஷாயம் வைத்த அக்காவுக்கு

அக்கா,

சுக்கு தட்டிய கை இன்னும் எரிகிறது. ஆடிச் சாரல் மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது. வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் இருமுகிறார்கள். விடிந்ததிலிருந்து ஒரு சட்டியை இறக்கி ஒரு சட்டியை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கு ஆடாதொடை, பிள்ளைகளுக்குத் துளசியும் மிளகும், அத்தைக்கு வழக்கமான சீரகத் தண்ணீர். இடுப்பு விட்டுப்போய் நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தேன். சுக்கும் மல்லியும் கொதிக்கிற வாசனை புகையோடு வந்து முகத்தில் அடித்தது. உங்கள் சேலையில் எந்நேரமும் இருந்த வாசனை அது. எழுந்திருக்க மனசில்லை. அடுப்பு தன்போக்கில் எரியட்டும் என்று விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுத்து தெரியாது. நான் எதை எழுதினாலும், "வாசிச்சுக் காட்டு தாயி, கேப்பம்" என்பீர்கள். அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் தேவாரம் ஊரில் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது, மூத்த மருமகளாக நீங்கள் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பிறந்த ஊர் மார்க்கையன்கோட்டை. ஆற்றையும் வயலையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, இங்கே கொல்லைக்கதவைத் திறந்ததும் மலை வந்து மேலே விழுவதுபோல் நிற்பது பிடிக்கவில்லை. கட்டியவரோ அந்த மலைக்கு மேலே ஏலத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மாதத்துக்கு ஒரு தரம் இறங்கி வந்தால் உண்டு. எனக்குத் தினமும் தலைவலி. ஒருநாள் சாயங்காலம் கருப்பட்டி போட்டுச் சுக்குமல்லிக் காப்பி வைத்து என் முன்னால் நீட்டினீர்கள். "தலைவலிக்குன்னு நெனைக்காத. சும்மா குடி. ஊரு நெனப்பு கொஞ்சம் எறங்கும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சிரித்துப் பேசினீர்களா என்றால் இல்லை. விறகு ஈரம் என்று யாரையோ வைதுகொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அதுதான் நீங்கள். கருணையே உருவாக இருந்தீர்கள் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். எப்போதும் அலுத்துப்போயிருந்தீர்கள். சட்டியை ணங்கென்று வைப்பீர்கள். யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தால், நேற்று அத்தனை மாம்பழம் தின்றபோது என்னைக் கேட்டாயா என்று திட்டிக்கொண்டேதான் ஓமத்தை வறுப்பீர்கள். தெருவில் எந்த வீட்டில் பிள்ளைக்குச் சளி கட்டினாலும் செம்பைத் தூக்கிக்கொண்டு நம் கொல்லைப்பக்கம் வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் திட்டு உண்டு, கஷாயமும் உண்டு. குடித்தவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டுப் போவார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கசப்பைக் குடித்துவிட்டு யார்தான் சொல்வார்கள்.

பிறகு அந்த உலகச் சண்டைக்காலத்து ஐப்பசி.

மலையில் அந்த வருஷம் காய்ச்சல் அதிகம். தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக மலையிறங்கும் மெட்டுப் பாதையில் தள்ளாடிக்கொண்டு இறங்கினார்கள். என் வீட்டுக்காரரை இரண்டு பேர் கம்பளியில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். பல் கிட்டிப்போகிற குளிர். இருக்கிற துணியையெல்லாம் மேலே போட்டும் கட்டில் ஆடியது. நீங்கள் நிலவேம்பை இடித்துப் போட்டு, நாலுக்கு ஒன்றாகச் சுண்ட வைத்துக் கொடுத்தீர்கள். வேர்த்தது, காய்ச்சல் விட்டது. அவர் எழுந்து கஞ்சி குடித்தார். அத்தை தெருவில் நின்று, எங்கள் மூத்தவள் கஷாயத்துக்கு முன்னால் எந்தக் காய்ச்சலும் நிற்காது என்று பெருமை பேசினார்கள். ஒருநாள் விட்டுக் குளிர் திரும்பியது. மறுபடி கஷாயம், மறுபடி வேர்வை. அடுத்த தரம் குளிர் வந்தபோது நீங்கள் அவர் கண்ணிமையை இறக்கிப் பார்த்தீர்கள். மஞ்சளாக இருந்தது. நேராக அடுப்படிக்குப் போனீர்கள். சுண்டி முடியப்போகிற சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, கொல்லையில் கொண்டுபோய் ஊற்றினீர்கள்.

நான் பதறிப்போய் வந்து நின்றேன். அத்தையும் வந்தார்கள்.

"அத்தே, இனி இது என் கையில இல்ல" என்றீர்கள். "இந்தக் காய்ச்சலுக்கு நான் வைக்கிறது வெறும் கசப்புத் தண்ணி. கொய்னா மருந்து குடுக்கணும். போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

அத்தைக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். உள்ளே போனவர்கள் வண்டியில் படுத்தபடிதான் திரும்பி வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் வீட்டுக்காரர், கொய்னாவெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது, நமக்கு எங்கே கிடைக்கும், கரியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸும் நின்றுபோய்விட்டது, அறுப்பு நேரத்தில் மாட்டை எப்படி விடுவது என்றார். இன்னும் ஒரு வேளை கஷாயம் வைத்துப் பார், கேட்கும் என்றார்கள் அத்தை. நீங்கள் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தீர்கள்.

"அப்ப நான் அடுப்பு மூட்டல."

அவ்வளவுதான் சொன்னீர்கள். குரலை உயர்த்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மத்தியானம் சோறு இல்லை. அத்தைக்குச் சீரகத் தண்ணீர் இல்லை, மாமாவின் இருமலுக்கு ஆடாதொடை இல்லை. என்னை அடுப்பு மூட்டச் சொன்னார்கள். எனக்கும் கை வரவில்லை, உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் வீட்டுக்காரர் வைதார், பிறகு கெஞ்சினார். நீங்கள் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பொழுது சாயும்போது மாமாவுக்கு இருமல் முற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கத்த மூச்சில்லாமல் மூத்த மகனிடம் சொன்னார்: "ஏலே, வண்டியப் பூட்டு. அவ சொல்றா, பூட்டு."

வண்டியில் வைக்கோலைப் பரப்பி என் வீட்டுக்காரரைக் கிடத்தி, நீங்களும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். உங்கள் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். ஊரைத் தாண்டினோம். எனக்குப் பயத்தில் வாய் அடங்கவில்லை போலிருக்கிறது, கேட்டுவிட்டேன்.

"வெறும் கசப்புத் தண்ணின்னா, இத்தன வருசமா ஏன்க்கா வச்சுக் குடுக்குறீக?"

நீங்கள் அவர் நெற்றித் துணியை நனைத்துப் போட்டுவிட்டுச் சொன்னீர்கள். "சளிக்கும் வயித்துக்கும் அது கேக்கும். அதுல பொய் இல்ல. மத்ததுக்கு, நமக்குன்னு ஒருத்தி அடுப்பு முன்னால நிக்கிறான்னு படுத்திருக்கவுகளுக்குத் தெரியணும்ல. பாதிக் கஷாயம் அதுக்குத்தான்." கொஞ்ச தூரம் போனபின், எதிரே பார்த்தபடி, "எனக்குத்தான் ஒருத்தரும் வச்சுத் தந்ததில்ல" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னீர்கள். முன்னால் உங்கள் வீட்டுக்காரர் மாட்டை அதட்டுவதை நிறுத்தியிருந்தார்.

போடி ஆஸ்பத்திரியில் கொய்னா இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்றார். நாம் வராந்தாவிலேயே கிடந்தோம். உங்கள் தலைமாட்டில் மூட்டை முடிச்சு எதுவும் இல்லை, எதையும் எடுத்துவரத் தோன்றவில்லை உங்களுக்கு. அவர் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொன்ன காலையில் நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. சுவரில் சாய்ந்து தூங்கிப்போனீர்கள். அப்படி வாயைத் திறந்துகொண்டு, பகலில், ஊரறிய நீங்கள் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

வீடு திரும்பியபின் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த வேளையில் உங்களுக்கென்று சுக்குக் காப்பி போடுவேன். முதல் நாள் வாங்கிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்றீர்கள். உங்களுக்குத்தான் என்றேன். ஒரு வாய் குடித்து, "மல்லியக் கருக்கிட்ட" என்றீர்கள். முழுவதும் குடித்தீர்கள். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஏதாவது குற்றம் சொல்வீர்கள். கருப்பட்டி கூடிப்போச்சு, சுக்குத் தோலைச் சீவவில்லை. எனக்கு அது கேட்கப் பிடிக்கும். உங்களுக்கும் குற்றம் சொல்ல ஒரு காப்பி கிடைத்ததே.

சண்டை முடிந்த மறு வருஷம் உங்கள் கால் வீங்கத் தொடங்கியது. தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று மூச்சு வாங்கினீர்கள். யாரும் சொல்வதற்கு முன் நீங்களே, "கால் வீக்கம்னா நெருஞ்சில் கேக்கும். இது நெஞ்சு. போடிக்குப் போவோம்" என்றீர்கள். போனோம். இருதயம் ரொம்ப நாளாகவே பலவீனம் என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார், வேலை செய்யக்கூடாது என்றார். அதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் உங்களைக் கட்டிலில் உட்காரவைக்க நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

ஒன்று மட்டும் உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. கார்த்திகை மாதம், நீங்கள் ரொம்பவும் தளர்ந்திருந்த சமயம், அத்தை தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நான் செய்கிறேன் என்றேன். தள்ளிப் போ என்றார்கள். நெருஞ்சில் முள்ளைத் தட்டிப் போட்டு, ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, ஒரு தம்ளர் இறக்கினார்கள். அதை அவர்களே தூக்கி வந்து உங்களிடம் கொடுத்தார்கள். அது சரியாகக் கொதிக்கவில்லை, நிறமே இறங்கவில்லை. எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும். நீங்கள் கடைசி சொட்டு வரை குடித்தீர்கள்.

"நல்லா இருக்கு அத்தே" என்றீர்கள்.

அத்தை தம்ளரை வாங்கிக்கொண்டு அங்கேயே, கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டார்கள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. நீங்கள் மார்கழியில் போய்விட்டீர்கள்.

இப்போது செம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். அலுப்பாக இருக்கிறது அக்கா. ஒரு வீட்டு இருமல் எவ்வளவு பெரியது என்று அதன் முன்னால் நிற்கிறவளுக்குத்தான் தெரிகிறது. ஏன் சட்டியை ணங்கென்று வைத்தீர்கள் என்று இப்போது புரிகிறது. நானும் வைக்கிறேன்.

போன வாரம் கீழத்தெருவிலிருந்து ஒருத்தி தன் மகளைக் கூட்டி வந்தாள். பெண்ணுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். நிலவேம்பு கொடுங்கள், இரண்டு வேளை குடித்தால் போய்விடும் என்றாள். நான் அந்தப் பெண்ணின் கண்ணிமையை இறக்கிப் பார்த்தேன். நீங்கள் நின்றிருந்த மாதிரியே நின்று, இது என் கையில் இல்லை, மத்தியான பஸ்ஸில் போடிக்குக் கொண்டுபோ என்றேன். அவள் முகம் கறுத்துவிட்டது. ஒரு பிடி நிலவேம்புக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று நினைத்திருப்பாள். "மூத்தவுக இருந்தா இப்பிடி வெரட்ட மாட்டாக" என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனாள். உங்களைப் பற்றி அவளிடம் எதைச் சொல்ல.

ஆனாலும் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறாள். பெண் தேறி வருகிறதாம், நேற்றுச் சோறு கேட்டதாம், தண்ணீர்த் துறையில் சொன்னார்கள். அவள் அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் நகர்ந்து நிற்கிறாள்.

நிற்கட்டும் அக்கா.