கடலுக்கு நல்ல நாள் நவமி

என் அருமை மச்சான் ரவிக்கு,

நீ போய் இது இரண்டாவது கோடை. முதலாவது கோடையில் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அழுகையை எழுதி அனுப்பி என்ன செய்வது? இந்த முறை சேதி இருக்கிறது, அதுவும் நல்ல சேதி. ஆறுதலாக இருந்து கேள்.

கச்சான் தண்ணீரில் இறங்கிவிட்டது.

நம் படகுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நீ. கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாய். ஒஸ்லோவில் இருக்கிற யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் அது வறுத்துத் தின்கிற நிலக்கடலைதான். "கடலையின்ரை பேரையோ படகுக்கு வைக்கிறது?" என்று என் தங்கச்சி வசந்தி, உன் மனைவி, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு ஞாபகமிருக்கிறதா? இரண்டு பேர் கால் நீட்டிப் படுத்தால் மூன்றாவது ஆள் குந்தியிருந்துதான் தூங்க வேண்டும். அவ்வளவு சின்னப் பாய்ப்படகுக்குக் கடலைப் பெயர் பொருத்தம்தான் என்று நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

நீ போன அந்த வசந்தத்தில், படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டி, இடப்பக்கம் முழுவதற்கும் சிவப்புப் பூச்சு அடித்து வைத்திருந்தாய். வலப்பக்கத்தை வாற சனிக்கிழமை இரண்டு பேருமாக அடிப்போம் என்றாய். அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே, பஸ் ஓட்டப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, உன் நெஞ்சு நின்றுவிட்டது. போன வருடம் முழுக்க நான் படகை மூடியிருந்த படங்கைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. துறைக்குப் போவேன், படங்குக்கு மேல் கையை வைப்பேன், திரும்பி வந்துவிடுவேன்.

இந்த வருடம் பனி கரைந்ததும் உன் மகள் ஆரணிதான் தொலைபேசி எடுத்தாள். "மாமா, மற்றப் பக்கத்தை நான் அடிக்கட்டோ?" என்று கேட்டாள். இரண்டு பேருமாகப் போனோம். நீ வாங்கிய அதே சிவப்பு இப்போது கடையில் இல்லை, கிட்டத்தட்ட அதைப் போல ஒன்றைத்தான் தந்தார்கள். தண்ணீருக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் ஆரணி. உனக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, தலைமயிரெல்லாம் பூச்சாக, அவள் அடுத்த கேள்வியைப் போட்டாள். "அப்பா சொன்ன இடத்துக்கு இந்த வருசம் போவமோ?"

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா? நீ இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தாய். ஒரு லீவு நாளில் போடோவுக்குப் பக்கத்துப் பாலமொன்றில் உங்கள் எல்லாரையும் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினார்களாம். கீழே சால்ட்ஸ்ட்ராவ்மன் நீரிணை. பெருக்கு நேரத்தில் கடல் ஆறு மாதிரி உள்ளே ஓடும், வற்று நேரத்தில் அதே வேகத்தில் வெளியே ஓடும். இரண்டுக்கும் நடுவில் சில நிமிடம் தண்ணீர் அப்படியே நிற்கும். அந்த நேரம் பார்த்துச் சின்னப் பாய்ப்படகு ஒன்று பாலத்துக்குக் கீழால் போனதைக் கண்டாயாம். "மச்சான், அந்த ஓட்டைக்குள்ளாலை நாங்களும் ஒருநாள் போவம்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்!

ஆனால் மச்சான், நமக்குக் கடலில் அந்தப் பெருக்கும் வற்றும் மட்டும்தானே தெரியாது. யாழ்ப்பாணக் கடலும் பெரிதாக ஏறி இறங்காது, ஒஸ்லோக் கடலும் பெரிதாக ஏறி இறங்காது. பேர்கனில் உன் சிநேகிதனின் படகை இரவல் வாங்கிக்கொண்டு போய், இங்கே கட்டுகிற மாதிரியே கயிற்றைக் குறுக்கி இறுக்கிக் கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோமே! திரும்பி வந்தால் கடல் கீழே போய்விட்டது, படகு துறைக் கட்டையில் தொங்கிக்கொண்டு நின்றது. தூக்குப்போட்ட மாடு என்று நீ சொல்ல, நான் சிரித்துச் சிரித்துக் கயிற்றை அவிழ்க்கவே முடியாமல் நின்றேன். வடக்கே போனால் தண்ணீர் அதைவிடக் கூடுதலாக ஏறி இறங்குமாம். இதை நாங்கள் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆரணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

படிப்பை விடு, வசந்தியின் சம்மதத்துக்கு எங்கே போவது?

உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு வருடமும் திட்டம் போடுவாய், அவள் பஞ்சாங்கக் கலண்டரைக் கொண்டு வருவாள். இந்த நாட்டில் எல்லாருக்கும் லீவு விடுகிற காலமும் ஆடியும் ஒன்றாக வரும். "ஆடியிலை புதுசா ஒண்டும் தொடங்கிறதில்லை" என்பாள். "ஆவணியிலை தொடங்கலாம், ஆனா ஆவணியிலை லீவு இல்லை" என்று நீ பெருமூச்சு விடுவாய். அப்புறம் ஒஸ்லோத் தீவுகளைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்துவிட்டு வந்து அவள் வைத்த மீன்குழம்பைப் பேசாமல் சாப்பிடுவாய். அவ்வளவுதான் நம் கடற்பயணம்.

இந்த முறை அவள் கலண்டரைக்கூட எடுக்கவில்லை. உங்கள் எல்லிங்ஸ்ருட் வீட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஆரணி விசயத்தைச் சொன்னதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தரைக் குடுத்தாச்சு. பிள்ளையையும் அந்த ஓடுற தண்ணிக்குள்ளை விடச் சொல்லுறியளோ அண்ணை?"

இத்தனை வருடமும் அவள் ஆடி என்று சொன்னதெல்லாம் பயத்தைத்தானோ? நீ அதை அறிந்துதான் பேசாமல் சாப்பிட்டாயோ? நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

ஆரணி தாயின் பக்கத்தில் போய் இருந்தாள். "அம்மா, ஓடேக்கை நாங்கள் போகமாட்டம். நிக்கேக்கை மட்டும்தான் போவம். அதுவும் ஸ்த்ரோம் குறைஞ்ச நாளாப் பாத்துத்தான். எந்தெந்த நாள் கூட, எந்தெந்த நாள் குறைவு எண்டு எல்லாம் இதிலை கிடக்கு" என்று கைபேசியை நீட்டினாள். ஸ்த்ரோம் என்று அவள் சொல்வது நீரோட்டத்தை.

"எந்த நாள் குறைவு?" என்று வசந்தி கேட்டது, பிள்ளையின் வாயை அடைக்கத்தான். ஆரணி ஒரு திகதியைச் சொன்னாள். வசந்தியின் கண் தானாகச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டருக்குப் போனது. எழும்பிப் போய்ப் பார்த்தாள்.

"ஐயோ, அது நவமியெல்லோ! முதல்நாள் அட்டமி. ஆடியும் ஆடி, அதுக்குள்ளை அட்டமி நவமியும் பாத்தோ வெளிக்கிடுறியள்?"

"அப்ப வேறை நாள் சொல்லுங்கோ."

வசந்தி விரலால் தேடி ஒரு நாளைச் சொன்னாள். ஆரணி தலையாட்டினாள். "அண்டைக்குச் சரியான கூட அம்மா. மாசத்திலையே கூட."

"அது பூரணை" என்றாள் வசந்தி, மெதுவாக.

மச்சான், அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். குழம்பு ஆறிப்போனது, ஒருவரும் கவனிக்கவில்லை. வசந்தி கலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அடுத்த மாதத்துக்குப் புரட்டினாள். "இந்த அமாவாசைக்கு?" என்பாள், ஆரணி கைபேசியைப் பார்த்து "கூட" என்பாள். "இந்த அட்டமிக்கு?" "குறையத் தொடங்குது." "அடுத்தநாள் நவமி இன்னும் குறைவா இருக்கவேணும், பார்." "ஓம் அம்மா, இன்னும் குறைவு!" ஐப்பசி வரைக்கும் போனார்கள் இரண்டு பேரும். கடைசியில் வசந்தி கேட்கவேயில்லை, தானே சொன்னாள், ஆரணி சரியென்று தலையாட்டினாள். நாம் நல்ல காரியத்துக்குத் தள்ளிவைக்கிற நாட்கள்தான் கடலுக்கு நல்ல நாட்களாம். இது தெரியாமல் இத்தனை வருடம் அவளும் நீயும் எதிரும் புதிருமாக நின்றிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் அந்த ஒரு நிலவுதான் செய்துகொண்டிருக்கிறது.

வசந்தி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். "அப்ப தண்ணியும் நாள் பாக்குதோ?" என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நீ போனபிறகு நான் கண்டதில்லை. பொங்கிக்கொண்டு எந்த நேரம் ஆளை இழுக்குமோ என்று அவள் நினைத்திருந்த கடல், அவள் விரல் வைத்த நாளுக்கு அடங்குகிறது. அவளுக்கு அது போதும்போல இருந்தது. எனக்கும் போதும்போல இருந்தது, ஏனென்றால் எனக்கும் பயம்தான். உன்னிடம் என்ன மறைப்பு?

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. இந்த வருடம் ஆடி அமாவாசை யூலைக் கடைசியில் வருகிறது. தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதமிருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். ஆம்பிளைப் பிள்ளை இல்லையே என்று கோயிலில் யாரோ வசந்தியிடம் இழுத்துப் பேசியிருக்கிறார்கள். "நான் இருக்கிறன்தானே, எனக்குத்தானே அப்பா" என்று ஆரணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதை அந்த நீரிணையில், படகில் இருந்து, உனக்குச் செய்ய வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அமாவாசைக்கோ ஓட்டம் ஆகக் கூட. அட்டவணையைப் பார்க்கப் பார்க்கப் பிள்ளையின் முகம் சுருங்கியது.

"இரவிலும் இருட்டாத ஊரிலை அமாவாசை வந்தது எப்பிடித் தெரியும்?" என்று வசந்தி கேட்டாள்.

"தண்ணியைப் பாத்தாத் தெரியும் அம்மா."

வசந்தி கல்யாண வீட்டுக்கு நாள் குறிக்கிற மாதிரிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "அமாவாசைக்குக் கரையிலை நிண்டு செய்வம். தண்ணி ஓடட்டும், ஓடினால்தானே அவருக்குப் போய்ச் சேரும். நவமிக்குப் படகிலை போவம்."

போவம் என்றாளே, கவனித்தாயா? ஆரணி கவனித்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஆறின குழம்பைப் பிசைந்தேன். இத்தனை வருடத்தில் கச்சானில் ஒரு காலைக்கூட வைக்காதவள் அவள். துறையில் நின்று நமக்குக் கை காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவள்.

ஆக, திட்டம் இதுதான். கச்சானின் அடியில் நீட்டி நிற்கிற கீல் தகட்டை மேலே இழுத்து, டிரெய்லரில் ஏற்றி, என் வான் வண்டியின் பின்னால் கட்டி, போடோ வரைக்கும் ஓட்டுகிறோம். நடுவில் ஓரிடத்தில் படுத்து எழும்புகிறோம். அமாவாசை முடிந்ததும் அந்தப் பக்கத்துத் தீவுகளுக்கு நடுவில் சும்மா ஓடிப் பழகுகிறோம், ஏறி இறங்குகிற தண்ணீரில் நங்கூரம் போடவும் எடுக்கவும் படிக்கிறோம். சோழகக் காற்று பலமாக அடித்தால் ஒரு குடாவுக்குள் ஒதுங்கிப் புட்டு அவித்துக்கொண்டு கிடப்போம். நவமியன்று தண்ணீர் நிற்கிற நேரத்துக்கு முன்பே பாலத்தடிக்குப் போய், ஒதுங்கி நின்று காத்திருப்போம். சுக்கான் ஆரணியின் கையில். அதில் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் நடந்தது, நான் தோற்றேன்.

போன கிழமை ரொம்சோஸில் என் வீட்டுக்கு வசந்தி வந்தாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற நேரம், சப்பாத்தைப் போட்டபடி, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணை, அந்தச் செம்மஞ்சள் மிதவைச் சட்டை எனக்கும் ஒண்டு எடுங்கோ. இறுக்கமா இல்லாமல்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஆடி மாசமெல்லோ? புதுசா ஒண்டும் தொடங்கக் கூடாதே" என்று சீண்டினேன்.

அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்து நிமிர்ந்தாள். "தொடங்கத்தானே கூடாது. இது அவர் தொடங்கினது. நாங்கள் முடிக்கிறம்."

கதவைச் சாத்தியதும் முதல் வேலையாக அந்தச் சட்டைக்குச் சொல்லிவிட்டேன், மச்சான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் மனைவியையும் மகளையும் பாலத்துக்குக் கீழால் உள்ளே கூட்டிப் போய், அதேபோல நிற்கிற தண்ணீரில் வெளியே கூட்டி வருவேன். போகிற ஒவ்வொரு துறையிலும் கயிற்றை நீளமாக விட்டுத்தான் கட்டுவேன். கடல் எவ்வளவு கீழே போனாலும் கச்சான் தொங்காது.

இப்படிக்கு,
உன் வசந்தியின் அண்ணன், உன் ஆரணியின் மாமா,
இறுக்கிக் கட்டுவதில் உனக்குச் சளைக்காத உன் மச்சான்
தேவன்