மண்டபத்துக்குப் பின்வாசல்

அருப்புக்கோட்டை
18.11.1993

அன்பு மகள் கஸ்தூரிக்கு,

பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே. முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. தீயணைப்பு அதிகாரியை நான் கல்யாண மண்டபத்து வாசலோடு விரட்டிவிட்டதாக முருகேஸ்வரி அத்தை உனக்கு எழுதினாளாம். அது தப்பு. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன், கேள்வி கேட்டேன். கேள்வி கேட்பதைச் சண்டை என்று அவள் நினைத்தால் நான் என்ன செய்ய.

பின்பக்கம் இன்னொரு வாசல் வேண்டும், கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் கிடையாது என்கிறார். தை முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று. சாப்பிட்டவர்கள் மொய் மேசையைத் தாண்டாமல் நழுவக் கூடாது என்றுதானே உங்கப்பா ஒரே வாசல் வைத்தார்கள். பரளச்சியிலிருந்து மண்டபம் பேச வந்தவர், "பின்னால வாசல் வச்சீகன்னா எங்க சம்பந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் அந்த வழியாத்தான் போவாக" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் என்னை உள்ளே கதவருகில் நிறுத்தி, சமையல் பெண்களையும் வாட்ச்மேன் பால்சாமியையும் என் முதுகோடு நெருக்கி நிற்கச் சொல்லி, இப்போது திறங்கள் என்றார். இழுக்க இடமே இல்லை. "நான் தள்ளலம்மா, பின்னாடி இருக்கவுகதான் தள்ளுறாக" என்றான் பால்சாமி, அவனுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. நம்பாமல் மறுபடியும் செய்யச் சொன்னேன், அதே கதைதான். இத்தனை வருஷம் மண்டபம் நடத்தும் எனக்கு இது தோன்றவே இல்லையே. இப்போது பாங்குக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன். உங்கள் குவார்ட்டர்ஸ் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று நீயும் பார்.

ஆக, வாசல் வைக்கத்தான் வேண்டும். ஆனால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் உன் பேரில் எழுதிய மனை. தெருவுக்குப் போகும் வழி அதன் நடுவே விழும், எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும். மாப்பிள்ளை ரிட்டயர் ஆனதும் கட்ட நீங்கள் போட்டு வைத்த பிளான் அதில் அடங்காது. உன் அண்ணன், "அவ என்ன மாட்டேன்னா சொல்லப் போறா, சுவத்த இடிங்கம்மா" என்கிறான். இடம் அவனுடையது இல்லை என்றேன். மண்டபத்து வாடகையில்தான் நான் யாரையும் எதிர்பார்க்காமல் சாப்பிடுகிறேன், உண்மைதான். அதற்காக நீ தலையாட்ட வேண்டாம். முடியாது என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து மண்டபத்தைப் பூட்டிவிடுவேன், உன்னிடம் வருத்தப்பட மாட்டேன்.

பிள்ளைகளைக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் அனுப்பாதே. நீங்கள் நால்வரும் ஒரு நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும். போனில் என் மனசுக்குத் தகுந்தபடி பேசிவிடுவாய். அதனால் மாப்பிள்ளையோடு கலந்து பேசி, சரியா முடியாதா என்று கடிதமாக எழுது.

உன் அம்மா,
ராமலட்சுமி