அத்தானின் மெயிலில் நான் மாற்றிய நிறங்கள்

அத்தான்,

நேற்று மத்தியானம் உங்கள் மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். நீங்கள் போய் நாலு மாசமாக அதை யாரும் தொடவில்லை. மஸ்கட்டிலிருந்து உங்கள் மகள் போன் போட்டு, "மாமா, அப்பாவுக்கு நான் எழுதின மெயிலெல்லாம் எனக்கு வேணும், எடுத்துத் தாங்க" என்று கேட்டாள். பேட்டைக்கு வண்டியை விட்டேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். திரை விரிந்ததும் எனக்குக் கண் கூசியது. கரிச்சட்டிக் கறுப்பில் மஞ்சள் எழுத்து. ஒவ்வொன்றும் திருச்செந்தூர் பஸ்ஸின் ஊர்ப்பலகை அளவு. பொதிகை மலை உச்சியில் நின்றாலும் வாசிக்கலாம். பதினாலு லோகத்திலும் இப்படி ஒரு மெயில் பக்கம் கிடையாது, அதைச் செதுக்கிய மகா சிற்பி அடியேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் உங்கள் கண் சொட்டு மருந்து பாதி தீர்ந்து கிடந்தது. மூடி புரி ஏறாமல் கோணலாக இருந்தது.

என் வாய் உங்களுக்குத் தெரியும். கொசு கடித்தால் யானை மிதித்தது என்பேன். "மாப்ள சொல்லுததை நாலால வகுத்துக்கிடணும்" என்று கல்யாணப் பந்தியில் நீங்கள் சொல்லி, சாம்பார் வாளிக்காரர் வரைக்கும் சிரிக்க வைத்தது ஞாபகம் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் முதல் பாதியையும் அப்படியே வகுத்துக்கொள்ளுங்கள். பின் பாதிக்கு அது வேண்டாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நீங்கள்தான் முதலில் கூப்பிட்டீர்கள். "மாப்ள, பிள்ளை மெயில் போட்டிருக்கா. ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. நீரு வந்து பாரும் வே." பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடையும் இரண்டு கம்ப்யூட்டரும் வைத்திருக்கிற ஒரே காரணத்தால், நம் குடும்பத்துக்கு நான்தான் விஞ்ஞானி. வந்து பார்த்தேன். உங்கள் மகள் வேலை பார்க்கிற இடத்தில் கற்றுக்கொண்ட நாகரிகம் போலிருக்கிறது, வெள்ளையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தாள். விபூதியைத் தண்ணீரில் கரைத்து எழுதிய மாதிரி. எனக்கே மூக்கைத் திரையில் ஒட்டித்தான் வாசிக்க முடிந்தது.

செட்டிங்ஸுக்குள் எழுத்து, நிறம் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அனுப்புகிறவர் போட்ட நிறத்தைக் காட்டவா, உங்கள் நிறத்தைக் காட்டவா என்று அங்கே கேட்கும். எப்போதும் எங்கள் நிறம்தான் என்று தட்டிவிட்டு, எழுத்துக்குக் கறுப்பு, பின்னணிக்கு வெள்ளை என்று வைத்தேன். அவ்வளவுதான் வேலை. சாம்பல் எல்லாம் கறுப்பானது. ரிட்டையரானவர்கள் சங்கத்துக்கு நீங்கள் காரியதரிசி ஆயிற்றே, அதில் ஒருவர் ரோஸ் கலரிலும் இன்னொருவர் கிளிப்பச்சையிலும் மெயில் எழுதுவார்கள். அவையும் ஒழுங்காகக் கறுப்புக்கு வந்தன. நீங்கள் நாற்காலியில் சாய்ந்து, "இப்ப நல்லாத் தெரியுது மாப்ள" என்றீர்கள். அக்கா கூட்டாஞ்சோறு போட்டாள். சூரியனுக்கே பல்பு மாட்டிவிட்டு வந்தவன் போல நான் தின்றேன்.

அந்தத் தடவை நான் செய்தது சரிதான் அத்தான். அதுதான் நம் எல்லாரையும் கெடுத்தது.

மூன்று மாசம் கழித்து மறுபடியும் கூப்பிட்டீர்கள். "எழுத்து மங்கலா இருக்கு மாப்ள." அங்கேதான் நான் யோசித்திருக்க வேண்டும். வெளிறின நிறமே உள்ளே வர முடியாதபடி நானே கதவடைத்திருந்தேன். திரையில் இருந்தது முழுக் கறுப்பு. கறுப்பு எப்படி மங்கும்? ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இதுகூடத் தோன்றவில்லை. "அமாவாசையை அரைச்சு ஊத்துனாலும் இதைவிடக் கறுப்பு கிடைக்காது அத்தான்" என்று சிரித்துக்கொண்டு, பின்னணியை இளமஞ்சளாக்கி எழுத்தைப் பெரிதாக்கினேன். "தெரியுதா?" "நல்லாத் தெரியுது மாப்ள." அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

அவள் பக்கத்தில் நின்றதுதான் விஷயம் என்று இப்போது புரிகிறது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் எங்கள் வீட்டு ஆளை அவள் முன்னால் நீங்கள் ஒரு குறை சொன்னது கிடையாது. எங்கள் அப்பா வாங்கித் தந்த கட்டில் கிறீச்சிட்டு ஊரையே எழுப்பியபோதும், "தேக்குன்னா அப்படித்தான் பேசும்" என்று சொன்ன மனுஷன். பெண் எடுத்த வீட்டுக்காரன் வெயிலில் வண்டி ஓட்டி வந்து ஒரு காரியம் செய்து தந்தால், அது சரியாக வரவில்லை என்று அவன் அக்கா காதுபட நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

மூன்றாம் தடவைதான் இந்தக் கறுப்பும் மஞ்சளும். அன்றைக்கு அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்.

"மாப்ள, ஒருவேளை கண்ணு டாக்டர்ட்ட காட்டணுமோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்கள் மறந்திருக்கலாம், எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. "உங்க கண்ணுக்கா? நாலு எட்டுத் தள்ளி நின்னு போல்ட்டுல புரி எண்ணுன கண்ணு. இங்கன இருந்து பாத்தா கூடங்குளத்துல லைட்டு போடுதவன் கை தெரியும். அந்த டாக்டர்தான் உங்ககிட்ட வந்து காட்டிக்கிடணும்."

நீங்கள் சிரித்தீர்கள். பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பட்டறை ஸ்டோரை முப்பது வருஷம் கண்ணாலேயே அளந்து காத்தவர் நீங்கள். உங்கள் கண்ணைச் சந்தேகப்படுவது தாமிரபரணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பது போல. அதற்குள் அக்கா குடத்தோடு வந்துவிட்டாள். நீங்கள் திரைக்குத் திரும்பிக்கொண்டீர்கள். "ஆகா, பிரமாதம் மாப்ள."

அதன் பிறகு இடது தோளை நிலைக்கதவில் இடித்துக்கொண்டீர்கள். "நிலை நகந்துட்டு போல" என்றேன். தம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றினீர்கள். "பூமிக்குத் தாகமாம்" என்றேன். வீடே சிரித்தது. நீங்களும்தான்.

லீவில் வந்த உங்கள் மகள் சிரிக்கவில்லை. வந்த மூன்றாம் நாளே உங்களைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் வந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்கிற வியாதி என்றார் டாக்டர். வலிக்காதாம், சிவக்காதாம். ஓரத்திலிருந்து பையப் பையத் தின்று நடுவுக்கு வருமாம். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காக்கத்தான் மருந்து. இதெல்லாம் சொல்லிவிட்டு அவர் கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

நீங்கள் என் பக்கம் முகத்தைத் திருப்பினீர்கள். நான் சரியாக எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றுகூடத் தெரிந்திருக்காது. "இப்பத்தான் டாக்டர், ஒரு மாசமா" என்றீர்கள். வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே இடம் அது.

மிச்சப் பார்வையையும் வைத்துக்கொண்டு நீங்கள் ஆற்றுக்குப் போவதை நிறுத்தவில்லை. அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது. குறுக்குத்துறைப் படிகளும் சாம்பல், ஓடுகிற தண்ணீரும் சாம்பல். படி எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று நல்ல கண்ணுக்கே பிரித்துச் சொல்வது கஷ்டம். படி என்று நினைத்துத் தண்ணீரில் கால் வைத்து விழுந்த உங்களை, துண்டு பிழிந்துகொண்டிருந்தவர்கள்தான் தூக்கினார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள், வீட்டுக்குத் திரும்பவில்லை. அதைப் பற்றி அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நேற்றைக்கு வருகிறேன். உங்கள் மகளின் மெயில்களைத் தேடும்போது, நீங்கள் அனுப்பியவற்றின் பட்டியலில் ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வந்தது. 'இருப்பு.' உங்களுக்கு நீங்களே அனுப்பியவை. ஸ்டோரைப் பூட்டுமுன் எது எவ்வளவு கையில் இருக்கிறது என்று எழுதிவைக்கிற பழக்கம் போகவில்லை உங்களுக்கு. சங்கத்துச் சாமான் விவரம் என்று நினைத்துத் திறந்தேன்.

'வலது கண் முக்கால். இடது கண் பாதி. காலண்டரில் நடுத் தேதி மட்டும் தெரிகிறது.'

'வலது முக்கால். இடது பாதிக்கும் கீழே. தெருவில் இடப் பக்கம் சைக்கிள் வந்தது தெரியவில்லை.'

இப்படி முப்பதுக்கு மேல். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவரைப் பார்த்து, எழுதி, அனுப்பி வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் முதலாவது, நான் பின்னணியை இளமஞ்சளாக்கிய அன்று சாயங்காலம் எழுதியது. 'மாப்பிள்ளை வந்து மாற்றிக் கொடுத்தான். வித்தியாசம் இல்லை. மெயிலில் கோளாறு இல்லை, எனக்குத்தான். வெயிலில் வந்தவன். அவள் முன்னால் சொல்ல வேண்டாம்.'

நான் அமைத்த மஞ்சளில், நான் அமைத்த கறுப்பில், பஸ் பலகை அளவுக்கு அதை வாசித்தேன் அத்தான். எழுத்து ரொம்பத் தெளிவாகத்தான் இருந்தது. டாக்டரிடம் போவதற்கு ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அக்கா காபியோடு வந்தாள். "என்னலே, அழுதியா?" என்று கேட்டாள். இல்லை, திரை கூசுது என்று சொல்லியிருக்கலாம். உங்களுக்குக் கண் திடீரென்றுதான் போயிற்று, விதி, யாரும் என்ன செய்ய முடியும் என்றுதான் அவள் இந்த நாலு மாசமும் நம்பியிருக்கிறாள். டாக்டர் முன்னால் நீங்கள் சொன்ன பொய் அவளையும் காத்தது, என்னையும் காத்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, மகள் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். நீங்கள் அதைத்தான் விரும்பியிருப்பீர்கள்.

எழுத்து பெரிதாக இருந்ததால் அவளே நின்ற இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள் என்று எழுத ஆசை. அது உண்மை இல்லை. அவள் கண்ணாடி அடுக்களையில் இருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன், முதல் மெயிலிலிருந்து கடைசி மெயில் வரைக்கும். நீங்கள் கண்ணு டாக்டர் என்று கேட்டதையும், நான் கூடங்குளம் வரைக்கும் அளந்துவிட்டதையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்புறம் கேட்டாள். "மூணு தடவை வந்து மாத்திட்டு, தெரியுதா தெரியுதான்னு கேட்டியே. ஒரு தடவையாவது, எங்க, ஒரு வரி வாசிங்க அத்தான் பாப்போம்னு கேட்டியாலே?"

"இல்லக்கா."

"சரி. நீ இப்பப் போ. பொறவு வா."

காபி அப்படியே இருந்தது. கிளம்பும்போது அவள் வாசல் வரை வரவில்லை. உங்கள் மகளுக்கு அவள் கடிதங்களை அனுப்பிவிட்டேன். 'இருப்பு' எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பினேன். இந்த வியாதி பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அது எப்படித் தொடங்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இன்னும் பதில் இல்லை.

இன்றைக்குக் காலையில் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். நகல் எடுத்துக் கொடுத்து, "தெளிவா இருக்கா அண்ணாச்சி?" என்றேன். தலையை ஆட்டினார். தாளை அவரிடமே திருப்பி நீட்டி, "முதல் வரியை வாசிங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவர் பையக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி வாசித்து முடிக்கும் வரைக்கும் நான் தாளை விடவில்லை. இனி எவர் வந்தாலும் அப்படித்தான் கேட்பேன் அத்தான். உங்களிடம் கேட்க முடியாது.