ஆர்வில் வீட்டுக் கார் ஷெட்டில் போட்ட ஓட்டு

லாரல் கிராஸிங், கலிஃபோர்னியா
நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோரீனுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மூடுபனி இறங்கியதிலிருந்து என் கோணல் கால் மட்டும் தன் வேலையைக் காட்டுகிறது. ஜெர்மனியில் அந்த ராணுவ ஆஸ்பத்திரியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நோயாளிகளுக்குச் சொல்கிற புத்தியில் பாதியாவது நீயும் கேட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். தபால் ஓட்டை அனுப்பிவிட்டேன், அண்ணன் வீட்டுத் தீர்மானத்துக்கு வேண்டும் என்று குத்திவிட்டேன், இனி உங்கள் பாடு என்று எழுதியிருந்தாய். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். பெரிதாக இருக்கும், பொறுமையாகப் படி.

உன் அண்ணன் ராய்ஸும் அண்ணி கானியும் குழந்தைகள் இரண்டும் நம் கொல்லையில் அந்தச் சக்கர வீட்டு டிரெய்லரில்தான் இன்னும் இருக்கிறார்கள். கால்வாய் ஓரத்து வீட்டை அவன் பார்த்து வைத்தது உனக்குத் தெரியும். வங்கிக்குப் போனான், நூற்றுக்குப் பதினைந்து வட்டி என்றார்கள், அதற்கு அவன் இரண்டு சிறுநீரகத்தையும் விற்க வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு மாநிலம் கொடுக்கிற வீட்டுக் கடனில் வட்டி அதில் பாதிதான். மனுவை ஒப்புக்கொண்டு கையெழுத்தெல்லாம் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் பெட்டியில் பணம் தீர்ந்துவிட்டது, நவம்பரில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுப் புதுக் கடன் பத்திரம் விற்க அனுமதித்தால்தான் அடுத்தவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரப் பெண்மணி இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பதாகச் சொன்னாள். வியட்நாமில் சேற்றில் கிடந்தவன் பத்து வருஷம் கழித்து இந்த ஊர்க்காரர்களின் தயவுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது.

தயவு காட்டுகிற முகங்களைக் கேள். எதிர்வீட்டு ஆர்வில் இருக்கிறாரே, வரி கட்டுவோர் சங்கத்தின் தலைவர், செயலாளர், அநேகமாக ஒரே உறுப்பினர், அவர் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். திரும்பி வந்து பத்து வருஷம் ஆனவனுக்கு எதற்குச் சலுகை, வங்கி எதற்கு இருக்கிறது, அரசாங்கம் கடன் வாங்கினால் கடைசியில் நம் தலையில்தான் விடியும் என்று. இந்த மனுஷன் கப்பற்படையில் மூன்று வருஷம் உருளைக்கிழங்கு உரித்தவர். ஊர் திரும்பியதும் வீடு வாங்கினாரே, எந்தப் பணத்தில்? இதே கடனில், இதே மாநிலத்திடம். வீட்டுப் பத்திரமே இருபது வருஷம் அரசாங்கத்தின் பேரில் இருந்தது, கடைசித் தவணை கட்டியபிறகுதான் அவர் பேருக்கு வந்தது. தவணை கட்டாதவனிடம் வீடு தங்காது, கட்டுகிறவனின் பணத்திலேயே கடன் பத்திரமும் வட்டியோடு அடைந்துவிடும், இதில் வரி கட்டுகிறவன் தலையில் விடிவதற்கு என்ன இருக்கிறது? ஆற்றைக் கடக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தபிறகு நீ யார் நான் யார். ஜூலை நாலாம் தேதி அந்த வீட்டு வாசலில் பறக்கிற கொடியின் நீளத்தைப் பார்த்தால் அவரே தனியாகப் போய்ச் சண்டையை ஜெயித்தவர் மாதிரி இருக்கும்.

ஓட்டுக்கு முந்தின நாள் தீவனக் கடையில் ஆறு பேர் முன்னால் அவரிடம் சொன்னேன், “வேண்டாம்னு குத்துறவர் முதல்ல அந்த வீட்டையும் கார் ஷெட்டையும் அரசாங்கத்துக்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்து குத்தட்டும்” என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. “யோவ் டெல்பர்ட், முப்பது வருஷமா எது வந்தாலும் வேண்டாம்னு குத்தின ஆளு நீ. அணைக்கு வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். இப்ப உன் வீட்டுக்குன்னதும் இனிக்குதா? அதுவும் பட்டாளத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்காதவன் நீ” என்றார். என் காலைப் பார்த்து ராணுவம் என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை, உன் அம்மாதான் போதும் விடு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றாள்.

நம் தெருவுக்கு ஓட்டுச்சாவடி எப்போதும்போல ஆர்வில் வீட்டுக் கார் ஷெட்தான். அரசாங்கக் கடனில் வாங்கிய ஷெட்டுக்கு அரசாங்கமே வாடகையும் கொடுக்கிறது, இந்த அழகை யாரிடம் சொல்வது. அவர் மனைவி மேவிஸ்தான் சாவடி அதிகாரி. ஆர்வில் பெரிய மனுஷன் மாதிரி டோனட் தட்டின் பக்கத்தில் நின்று வருகிற போகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், அட்டையைச் சட்டத்தில் செருகி, துளை குத்துவதற்காகச் சங்கிலியில் தொங்குகிற ஊசியை எடுத்தேன். இந்தத் தடவை தீர்மானங்கள் மட்டும் பதினைந்து. அண்ணன் தீர்மானத்துக்கு வேண்டும் என்று பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்த மாதிரி ஓட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே மறந்துவிட்டேன். பரவாயில்லை, ஒன்றுதானே நினைவில் வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். மனதுக்குள் ஆர்விலுக்கு இன்னும் என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று ஓடிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு வேண்டாம், வேண்டாம் என்று குத்திக்கொண்டே போனது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சந்தேகம் வந்தால் வேண்டாம் என்று குத்து என்று உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. அட்டையை வெளியே எடுத்து எண்களைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, பதினைந்துக்கும் வேண்டாம் என்று குத்தியிருக்கிறேன். ராய்ஸின் வீட்டுக்கும் சேர்த்து.

தப்பாகக் குத்திவிட்டால் வேறு அட்டை கேட்டு வாங்கலாம், அது எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் வந்த கிழவி ஒருத்தி அப்படிக் கேட்டாள், மேவிஸ் அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து, “கெட்டுப்போன சீட்டு ஒண்ணு, எழுதிக்கோங்க” என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். ஆர்வில் டோனட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டெல்பர்ட்டுக்கு ஓட்டுக் குத்தக்கூடத் தெரியவில்லை என்று நாளைக்குத் தீவனக் கடையில் அவர் சொல்லிச் சிரிப்பது அப்போதே என் காதில் விழுந்தது. லட்சம் லட்சமாக ஓட்டு விழுகிற இடத்தில் ஒன்று போனால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அட்டையை உறையில் போட்டுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, மேவிஸ் கொடுத்த ‘ஓட்டுப் போட்டேன்’ ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, அவர் முன்னாலேயே நிமிர்ந்து நடந்து வந்தேன்.

தீர்மானம் ஜெயித்துவிட்டது கண்ணு, நீ பயப்படாதே. ராய்ஸுக்குப் பணம் உறுதி என்று புதன்கிழமை கடன் ஆபீஸில் இருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள், வீட்டுக்காரப் பெண்மணியும் சம்மதித்துவிட்டாள். அவன் வேலை உடுப்போடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். பட்டாளத்திலிருந்து வந்த நாளில்கூட அவன் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. பெரிய குழந்தையைத் தூக்கி, “தாத்தாவைப் பாத்துக்கோ, வாழ்க்கையிலேயே முதல் தடவையா வேணும்னு குத்துனாரு, அது நமக்காக” என்றான். புது வீட்டு வாசலில் தபால் பெட்டிக் கம்பத்தை நான்தான் நட வேண்டுமாம். கானி அழுதாள். உன் அம்மா எனக்கு ஆப்பிள் பை சுட்டாள். நான் தின்றேன்.

அது போதாது என்று வெள்ளிக்கிழமை ஆர்வில் குழி தோண்டுகிற கருவியோடு வந்து வேலி ஓரம் நின்றார். ராய்ஸுக்கு வேண்டியிருக்கும் என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, “உனக்காகன்னு நெனைச்சுக்காத. உன் மூஞ்சிக்கு நான் தண்ணிகூடக் குடுக்க மாட்டேன். அந்தப் புள்ளைங்க தோட்டத்துக் குழாயில பல்லு வெளக்கறதை ஒரு மாசமா ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வேணும்னுதான் குத்தினேன். சங்கத்துக்காரங்க காதுல போட்டுடாத” என்றார். நான் சரி என்றேன். கருவியை வாங்கி வேலியில் சாய்த்து வைத்தேன்.

நான் எதைக் குத்தினேன் என்பதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. உன் கடிதங்களை அவள்தான் முதலில் பிரிக்கிறாள், அதனால் பதில் எழுதும்போது ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. பனியில் கனத்த கோட்டுப் போட்டுக்கொண்டு போ. நீயும் ஒருநாள் உடுப்பைக் கழற்றிவிட்டு ஊர் வந்து வீடு கேட்பாய், அன்றைக்கு உனக்கு நல்ல மனசுள்ளவர்கள் எதிர்வீட்டில் இருக்கட்டும், உன் கை பட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். வருகிற சனிக்கிழமை குழி தோண்டப் போகிறேன்.

ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நீ அனுப்பிய ஓட்டை, தெருவைக் கடந்து போய் என் ஓட்டால் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு வந்த
உன் அப்பன்,
டெல்பர்ட்