என்னிடம் மறைத்த கணுக்கால்

அன்பு மகள் பட்டாணிக்கு,

காட்டில் கால் பிசகி, இருட்டில் வழி தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வெளியே வந்து சேர்ந்ததும் அப்பாவை அழைத்துச் சொல்கிறாள், அத்தையை அழைத்துச் சொல்கிறாள், அம்மாவிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள், அது ஏன்? மூன்று நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நானும் அப்பாவும் இங்கே நலம். வழக்கமாக அடுத்த வரியில் நீயும் நலம்தானே என்று எழுதுவேன், ஆமாம் அம்மா என்று நீ பதில் போடுவாய், போன முறையும் அப்படித்தான் போட்டாய், வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு. அதனால் இந்த முறை பொதுவாகக் கேட்கப் போவதில்லை. வலது கணுக்கால் நலமா? மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறதா? இந்த இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்பாய். பேசினால் ஒன்று கத்துவேன், இல்லாவிட்டால் வாயையே திறக்க மாட்டேன், இரண்டாலும் யாருக்கும் பிரயோஜனமில்லை. எப்படியும் உனக்கு ஒரு பார்சல் கட்டியாகிறது, அதற்குள் வைக்க ஒரு கடிதம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன், நீ அப்பாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் குளித்துக்கொண்டிருந்தார், அவருடைய போன் அடித்தது, அத்தையின் பெயரைப் பார்த்து எடுத்தேன். எடுத்த எடுப்பில் அவள், "அண்ணா, பட்டாணிக்குக் கால் வீக்கம் வடிஞ்சிருச்சா, நான் சொன்ன மாதிரி ஐஸ் வச்சாளா" என்றாள். யாருக்குக் கால் என்றேன். உடனே, "ஐயோ அண்ணி, அடுப்புல பால் பொங்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அவள் வீட்டில் யாரும் பால் குடிப்பதில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்பா துண்டோடு வெளியே வந்தார், என் முகத்தைப் பார்த்தார், "யாரு சொன்னா?" என்றார். கவனி, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, யார் சொன்னது என்று கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் மறைத்ததாக நான் நினைத்ததில்லை. ஏன் மறைத்தீர்கள் என்றதற்கு, "நீ பயந்துடுவேன்னுதான்" என்றார். நான் எப்போது பயந்து நீங்கள் பார்த்தீர்கள் என்றேன். "அதான் பிரச்சனை, நீ பயந்தா பயந்த மாதிரியே இருக்காது, லேப்ல ரிப்போர்ட் எழுதற மாதிரி இருக்கும், குழந்தைக்கு அதுக்குத்தான் பயம்" என்றார். அன்று சாயங்காலம் அவருக்கு முடி வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, பக்கத்துக் கடையில் எனக்கும் வேலை இருந்ததால் கூடப் போனேன். முடி வெட்டுகிறவர் என்னைப் பார்த்ததும் கத்திரிக்கோலை நிறுத்தி, "பொண்ணு இப்ப நடக்குதுங்களாம்மா? காட்டுக்குள்ள எல்லாம் தனியா போகலாமா, நீங்களாவது சொல்லக்கூடாதா" என்று என்னையே கண்டித்தார். அப்பா அவரிடமும் சொல்லியிருக்கிறார். ஆக, ஊரில் சவரம் செய்துகொள்கிற எல்லோருக்கும் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பா முழுக்கதையையும் சொன்னார். யாரோ ஒருவர் எங்கோ ஒரு டப்பாவை ஒளித்து வைப்பாராம், அது இருக்கும் இடத்தின் எண்களை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிடுவாராம், மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற காகிதத்தில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டுமாம். ஜியோகேச்சிங் என்று பெயராம், புதையல் வேட்டை மாதிரி என்றார். புதையல் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்றேன். காகிதமும் ஒரு ரப்பர் வாத்தும் இருக்கலாம் என்றார். ரப்பர் வாத்து! அதற்காகக் கேன்வாஸ் ஷூவும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, பாதி சார்ஜ்கூட இல்லாத ஒரு போனோடு, மத்தியானத்துக்கு மேல் நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில் ஏறியிருக்கிறாய். குளிரில் போன் அணைந்திருக்கிறது, மழை வந்திருக்கிறது, ஈர வேரில் கால் வழுக்கியிருக்கிறது, இருட்டிய பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து சாலைக்கு இறங்கியிருக்கிறாய். மரம் ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்காரர் நிறுத்தியிருக்கிறார். அவருக்கு என் நன்றி. அவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்து, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதையெல்லாம் விட, நீ எங்கே போகிறாய் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்கும் மேலே ஒன்று வைத்திருந்தார், அடுத்த மாதம் அதே டப்பாவைத் தேடி அதே சரிவுக்கு மறுபடி போகிறாயாம். ஏன் என்றேன். "கிடைக்கலையே" என்றார், அதைவிட நல்ல காரணம் கிடையாது என்பதுபோல. அதிர்ச்சி என்ற வார்த்தையை நான் சுலபத்தில் எழுதுகிறவள் இல்லை. இந்த வாரம் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

போகாதே என்று எழுதப் போவதில்லை. எழுதினால் போய்விட்டு வந்து மறுபடி எனக்கு மட்டும் சொல்லாமல் இருப்பாய். ஆனால் உன் அம்மா படித்தது துணி, வேலை பார்ப்பது துணியைக் கிழித்தும் நனைத்தும் பார்க்கிற இடத்தில், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். நீ அன்று போட்டிருந்த மேலங்கியின் படத்தை அப்பா காட்டினார். அது மழைக்கான துணியே இல்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்து ஏமாந்திருப்பாய், அது வெறும் மேல்பூச்சு, சில முறை துவைத்தால் போய்விடும். அப்படிப்பட்ட துணியைச் சட்டத்தில் இறுக்கி அடியிலிருந்து தண்ணீரை ஏற்றிப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை, முதல் துளி எட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. துணி நன்றாக இருந்தாலும் ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை, உள்பக்கம் தையல்மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். பார்சலில் இருக்கிற கோட்டின் தையல்களை நானே பசை போட்டு அடைத்திருக்கிறேன், குழாயடியில் பிடித்தும் பார்த்துவிட்டேன். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அன்று உனக்குப் பல் கிட்டியதற்குப் பாதிக் காரணம் அதுதான். சீக்கிரம் உலர்கிற முழுநீளக் கால்சட்டை போட்டு அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள், அழகாக இருக்காது, ஆனால் புல்லில் இருக்கிற உண்ணி உள்ளே ஏறாது. ஷூவைச் சாயங்காலத்தில் போய் வாங்கு, பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும், நான் அனுப்புகிற கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டே போட்டுப் பார், கணுக்காலை மூட வேண்டும், சரிவில் இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கக்கூடாது. வாங்கிய அன்றே காட்டுக்குப் போகாமல் ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நட.

நெற்றியில் கட்டுகிற டார்ச் வைத்திருக்கிறேன், காலையில் கிளம்பினாலும் அது பையில் இருக்க வேண்டும், கை இரண்டும் காலியாக இருப்பதுதான் அதில் விசேஷம். போனுக்கு வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள், போனை உடம்போடு ஒட்டிய உள்பையில் வை, குளிர் பட்டால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். பவர் பேங்க் இருக்கிறது, அதன் வயரை அதோடு ரப்பர் போட்டுக் கட்டியே அனுப்புகிறேன், பவர் பேங்கை எடுத்துக்கொண்டு வயரை மேஜையில் விட்டுப்போவது உன் அப்பா வழிக் குணம். கையுறை இருக்கிறது, ஆனாலும் பொந்துக்குள் கையை விடாதே, முதலில் குச்சியை விட்டுப் பார், உள்ளே குடியிருப்பவருக்கு நீ வாத்தைத் தேடி வந்திருப்பது தெரியாது. பேனா வேண்டாம், ஈரக் காகிதத்தில் எழுதாது, பென்சில் வைத்திருக்கிறேன். விசில் இரண்டு வாங்கினேன், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. உதவி வேண்டுமென்றால் மும்மூன்று தடவையாக ஊத வேண்டும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொள், பையில் போட்டால் பை ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் விழுவீர்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடுவது எவ்வளவு சிரமம், நடப்பது எவ்வளவு சிரமம் என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்களே, அதைப் படித்துவிட்டுப் போக மாட்டாயா? நீ முதலிலேயே தேர்ந்தெடுத்தது அனுபவசாலிகளுக்கானதாம். கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய், அந்த நேரம் வந்ததும் டப்பா கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்று தோன்றினாலும் திரும்பிவிடு.

அப்பாவும் ஒன்று எழுதச் சொன்னார், நில அளவையாளர் சொல்வது என்பதால் சேர்க்கிறேன். போன் காட்டும் இடம் சில அடிகள் தள்ளித்தான் இருக்குமாம், மரங்களுக்கு நடுவே இன்னும் மோசமாம். கிட்டே போனதும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன் என்று யோசித்துக் கண்ணால் தேட வேண்டுமாம், காட்டில் எந்தக் கல் அளவுக்கு மீறி ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறதோ அதன் கீழே பார்க்க வேண்டுமாம். நாளைக் காலை நாங்கள் இருவரும் பக்கத்தில் ஒன்றைத் தேடிப் போகிறோம். ஒன்றைப் பார்க்காமலே அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

இவ்வளவுக்கும் பதிலாக நான் கேட்பது ஒன்றே ஒன்று. முடிந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. முடியாவிட்டால், கிளம்பும்போது எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒரு வரி, திரும்பியதும் வந்துவிட்டேன் என்று ஒரு வரி. அப்பாவுக்கு இல்லை, எனக்கு. நான் பதிலுக்கு எந்த ரிப்போர்ட்டும் எழுத மாட்டேன், சரி என்று மட்டும் போடுவேன். முயற்சி செய்கிறேன்.

நீ போகிற வழியெல்லாம் காய்ந்து கிடக்கட்டும், போன கால் இரண்டும் அப்படியே வீடு வந்து சேரட்டும், அந்த வாத்தும் உனக்குக் கிடைக்கட்டும். விசில் கழுத்தில் என்பதை மறக்காதே.

என்றும் உன் நலத்தையே நினைக்கும்
அம்மா

மறுநாள் சாயங்காலம். பார்சலை இன்னும் ஒட்டவில்லை, இதையும் சேர்த்து வைக்கிறேன். போனோம். இப்போது ரயில் ஓடாத பழைய பாதையின் மண்மேடு, குழந்தைகளுக்கே ஏற்றது என்று போட்டிருந்தது. அப்பா போனை நீட்டிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார், தூரம் காட்டுகிற எண் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டுமாம், தன் சர்வீஸில் ஒரு எல்லைக் கல்லைக்கூட இடம் தவறி நட்டதில்லையாம். போனைப் பைக்குள் போடச் சொன்னது நீங்கள்தானே என்றேன். "அது கத்துக்குட்டிங்களுக்கு, நீ சும்மா இரு" என்றார். மேட்டின் அந்தப் பக்கம் சில கற்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பதுபோல் எனக்குத் தெரிந்தது. நாலு எட்டு நடைதானே என்று பையை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனேன், சொல்லவில்லை. நான் போட்டிருந்தது ஆய்வகத்துக்குப் போட்டுப்போகிற வழவழப்பான செருப்பு. ஈரச் சருகில் வழுக்கி, மேட்டுக்குக் கீழே இருக்கிற வடிகாலில் போய் விழுந்தேன். ஒரு கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் மாட்டிக்கொண்டது. முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை, நிஜமாகவே இல்லை. விசில் பையில் இருந்தது.

மேலே அப்பா என்னைக் கூப்பிடுவது கேட்டது. முதலில் வீட்டில் கண்ணாடியைத் தேடும்போது கூப்பிடுவாரே, அந்தக் குரல். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத ஒரு குரல். வாயைத் திறந்து இங்கே இருக்கிறேன் என்றால் போதும். நான் திறக்கவில்லை. சத்தம் போடாமல் காலை இழுத்துக்கொண்டிருந்தேன், இழுத்து எடுத்து, துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஏறிப் போய்விடலாம் என்று. மறுபடியும் கூப்பிட்டார், குரல் உடைந்தது, அப்போதுதான் பதில் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார், கால் வந்தது, செருப்பு வரவில்லை. எழுந்து நின்றதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பட்டாணிகிட்ட சொல்லிடாதீங்க." சரி என்றார். நான் சொன்னது அப்புறம்தான் என் காதிலேயே விழுந்தது.

டப்பா கிடைக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம்.

இதை இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம், அப்பா இப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருக்கிறார். வெட்டி நாலு நாள்கூட ஆகவில்லை.